திரையைக் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள், வேலையைக் கொடுத்துப் பாருங்கள்

கேள்வி: மின்கட்டணம் கட்டும் செயலி ஒன்றுக்குத் தமிழில் திரைகள் வரைந்திருக்கிறோம். திரைகளை வரைந்து தொட்டுப் பார்க்க உதவும் ஃபிக்மா என்ற மென்பொருளில் இரண்டு வடிவமைப்புகள் தயாராக இருக்கின்றன. நிரல் எழுதத் தொடங்கும் முன் ஐந்தாறு பேரிடம் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்கலாமா? அத்தனை பேர் போதுமா?

பதில்: காட்டுங்கள். ஆனால் "எது பிடித்திருக்கிறது?" என்ற கேள்வியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்குக் கிடைக்கும் பதில் உங்கள் வடிவமைப்பைப் பற்றியதாக இருக்காது. உங்கள் மனம் நோகக்கூடாது என்ற அவர்களது பண்பைப் பற்றியதாகத்தான் இருக்கும். நம் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னவரிடமே ஃபோனைக் கொடுத்துப் பில் கட்டச் சொன்னால் இரண்டாவது திரையில் நின்றுவிடுவார்.

பார்ப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதற்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் பயன்படுத்திய வாக்குச்சீட்டைவிடத் தெளிவான சான்று இல்லை. வயதானவர்கள் எளிதாகப் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினார்கள். இடம் போதாமல் வேட்பாளர் பெயர்கள் எதிரெதிர் இரண்டு பக்கங்களுக்குப் போயின. துளையிடும் வரிசை நடுவில் வந்தது. இடப்பக்கத்தில் புஷ் முதல் பெயர், கோர் இரண்டாவது பெயர். ஆனால் இரண்டாவது துளையோ வலப்பக்கத்தின் முதல் பெயரான புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. மாதிரிச் சீட்டு வாக்காளர்களுக்கு முன்கூட்டியே போயிருந்தது. தாளில் பார்க்கும்போது பெயர்கள் பெரிதாக, தெளிவாகத்தான் தெரிந்தன. கையில் ஊசியோடு நின்று "இரண்டாவது பெயர், இரண்டாவது துளை" என்று விரல் தேடும்போதுதான் தவறு பிறந்தது. அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு விழுந்தவை 3,407 வாக்குகள்; மாநிலம் முழுவதிலும் புஷ் கோரை வென்ற வித்தியாசம் 537. அந்தச் சீட்டை வரைந்தவர்களின் நோக்கம் நல்லதுதான். நல்ல நோக்கம் சோதனைக்கு ஈடாகாது.

இனி எண்ணிக்கை. "ஐந்து பேர் போதும்" என்ற பேச்சு 1993இல் ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. அவர்கள் பார்த்த திட்டங்களில், ஒரு குறையை ஒரு பயனர் சந்திக்கும் வாய்ப்பு சராசரியாக 31%. அப்படியானால் ஐந்து பேரில் ஒருவராவது அந்தக் குறையில் மாட்டும் வாய்ப்பு 1 − 0.69⁵, அதாவது ஏறத்தாழ 84%. கணக்கு சரிதான். ஆனால் அந்த 31% எல்லாக் குறைகளுக்கும் பொருந்தாது. பத்தில் ஒருவரை மட்டும் தடுக்கும் குறை ஐந்து பேரில் ஒருமுறையாவது தலைகாட்டும் வாய்ப்பு 41%தான். அதையும் 85%க்குக் கொண்டுவர 18 பேர் வேண்டும். 2003இல் லாரா ஃபாக்னர் என்ற ஆய்வாளர் 60 பேரைச் சோதித்து, அதிலிருந்து ஐந்தைந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். சராசரி 85%தான். ஆனால் சில ஐவர் குழுக்கள் 55% குறைகளை மட்டுமே கண்டன. பத்துப் பேர் எடுத்தபோது மிக மோசமான குழுவும் 80%ஐத் தொட்டது.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை: ஒரே மூச்சில் 15 பேரை உட்காரவைக்காதீர்கள். ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர். முதல் சுற்றில் வரும் பெரிய தடைகளை நீக்கினால்தான் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னக் குறைகள் இரண்டாம் சுற்றில் தெரியும். எண்ணைப் பதிவுசெய்யும் திரையையே தாண்டாதவருக்கு, ரசீது திரையில் இருக்கும் குழப்பம் எப்படித் தெரியும்?

யார் அந்த ஐந்து பேர் என்பதுதான் எண்ணிக்கையைவிட முக்கியம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வேண்டாம். மின்கட்டணச் செயலிக்குக் குறைந்தது இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள்: யூபிஐயில் பால்காரருக்கும் பணம் அனுப்புகிறவர்கள் ஒரு வகை, பில் கட்ட மகனையோ பேரனையோ, பிரவுசிங் சென்டரையோ நம்பியிருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையினரின் குறைகள் ஒன்றின்மேல் ஒன்று விழாது. ஆகவே வகைக்கு ஐந்து பேர் என்று கணக்கிடுங்கள். ஆள் தேடும்போது "இப்படி ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். "போன தடவை கரண்ட் பில்லை யார் கட்டினாங்க? எப்படிக் கட்டினாங்க?" என்று நடந்ததைக் கேளுங்கள். ஐவர் வேண்டுமானால் ஆறு பேரை வரச்சொல்லுங்கள், ஒருவர் வராமல் போவார். போக்குவரத்துச் செலவும், அவர் இழக்கும் நேரத்துக்கு ஈடான தொகையும் கையில் கொடுங்கள். அதைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. சரியாகச் செய்தால்தான் பணம் என்ற எண்ணம் வராது. படிக்கும் கண்ணாடி போடுகிறவரானால் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் வந்தவரிடம் நடத்திய சோதனை எதையும் சொல்லாது.

வேலையை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போகின்றன. "'இணைப்பைச் சேர்' என்ற பொத்தானை அழுத்தி உங்கள் மின் இணைப்பைச் சேருங்கள்" என்று எழுதினால், நீங்கள் சோதிப்பது அவரால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறதா என்பதை மட்டும். திரையில் உள்ள சொல் எதுவும் வேலைச் சீட்டில் வரக்கூடாது. வாழ்க்கையில் வருவதுபோல எழுதுங்கள்: "ஊர்ல இருக்கிற உங்க அம்மா வீட்டுக்குக் கரண்ட் பில் வந்திருக்கு. அவங்க கொடுத்த அட்டை இது. இந்த ஃபோன்லேயே கட்டி முடிச்சிடுங்க." ஒரு மாதிரி அட்டையை உண்மையிலேயே கையில் கொடுங்கள். அப்போதுதான் அட்டையில் உள்ள பல எண்களில் எதைப் பார்த்துத் தட்டுகிறார், எங்கே ஒரு இலக்கத்தைத் தவறவிடுகிறார், இடையில் உள்ள கோட்டையும் தட்ட முயல்கிறாரா என்பதெல்லாம் தெரியும். நீண்ட எண்ணைத் தட்டும் திரையில் நடப்பதைக் கண்ணால் பார்க்காமல் யாராலும் ஊகிக்க முடியாது.

ஒவ்வொரு வேலைக்கும் எது வெற்றி என்பதை முன்பே எழுதி வையுங்கள். "ரசீது திரை வந்தது" என்பது வெற்றியா, அல்லது "பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார்" என்பது வெற்றியா? பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் இரண்டாவதையே எடுப்பேன். ஒரு அமர்வு 45 நிமிடம். அதில் நான்கு அல்லது ஐந்து வேலைகளுக்குமேல் அடங்காது. முதல் வேலை எளிதாக இருக்கட்டும், கை பழகும். ஒரு வேலையாவது கோணலாக இருக்கட்டும்: பணம் வங்கியிலிருந்து கழிந்துவிட்டது, செயலியில் "நிலுவையில்" என்று நிற்கிறது. இந்தத் திரையை வரையாமலே சோதனைக்குப் போகிறவர்கள் அதிகம். ஆனால் இங்கேதான் மனிதர்கள் பதறி இரண்டாவது முறை பணம் கட்டுகிறார்கள்.

அடுத்து, ஃபிக்மாவில் இருக்கும் பொறிகள். தவறான இடத்தைத் தொட்டதும், தொடக்கூடிய பகுதிகள் நீலமாக மின்னிக் காட்டும் அமைப்பு ஒன்று அதில் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள், அணைக்காவிட்டால் இரண்டாவது தொடுதலிலேயே விடை தெரிந்துவிடும். சரியான பாதைக்கு மட்டும் இணைப்புக் கொடுத்து மற்ற பொத்தான்களை வெறுமனே விட்டிருந்தால், பயனர் நான்கைந்து இடங்களைத் தொட்டுப் பார்த்து எது அசைகிறதோ அதில் போவார். அது உங்கள் கணக்கில் வெற்றியாகப் பதிவாகும். குறைந்தது, நீங்கள் எதிர்பார்க்கும் இரண்டு மூன்று தவறான பாதைகளையாவது அசையவிடுங்கள். எண் தட்டுவதற்கு வரைபடத்தில் முன்பே நிரப்பிய பெட்டியை வைத்தால் அந்தத் திரையைச் சோதிக்கவில்லை என்றே பொருள். அந்த ஒரு திரையை மட்டும் எளிய வலைப்பக்கமாக எழுதி வையுங்கள். சோதனை கணினியில் வேண்டாம், ஃபோனில் நடக்கட்டும். ஒருமுறை ஃபோனின் எழுத்தளவைப் பெரிதாக்கியும் நடக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சாதாரண அளவில் பொத்தானுக்குள் அடங்கிய "கட்டணம் செலுத்துக" பெரிதாக்கியதும் "கட்டணம் செலு…" என்று வெட்டுப்படும். உண்மையான வங்கிக் கணக்கையோ உண்மையான ஓடிபியையோ எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.

அமர்வில் உங்கள் பக்கம் இருவர் போதும். ஒருவர் பேசுபவர், மற்றவர் எழுதுபவர். மூன்றாமவர் வந்தால் அது நேர்முகத் தேர்வு போல ஆகிவிடும். தொடங்கும்போது சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, ஐவரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள்: "சோதிக்கிறது இந்தச் செயலியைத்தாங்க, உங்களை இல்லை. எங்கேயாவது சிக்கினா தப்பு எங்களோடது. இதை வரைஞ்சது நான் இல்லை, அதனால குறை சொன்னா எனக்கு வருத்தம் இருக்காது." கடைசி வரி உண்மையாக இருக்க வேண்டும். வரைந்தவரே பேசுபவராக உட்கார்ந்தால், பயனரின் விரல் தடுமாறும்போது இவரது முகமே வழிகாட்டிவிடும். வரைந்தவர் எழுதுபவராக இருக்கட்டும். அவர் எழுதியே ஆக வேண்டிய நிலையில் இருந்தால் விளக்கம் சொல்லக் கிளம்பமாட்டார். திரையையும் குரலையும் பதிவு செய்வதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எதற்காக, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் அதில் சொல்லுங்கள்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது இந்த முறையின் உயிர்நாடி. ஆனால் "வாய்விட்டுச் சொல்லுங்க" என்றால் மட்டும் யாருக்கும் வராது. ஒரு ஒத்திகை கொடுங்கள்: "உங்க வீட்டில் மொத்தம் எத்தனை ஜன்னல்? எண்ணும்போது மனசில் வர்றதை அப்படியே சொல்லுங்க." ஒவ்வொரு அறையாக அவர் மனதில் நடந்து வருவதை நீங்கள் கேட்கலாம், பிறகு திரைமுன்னும் அப்படியே பேசுவார். நடுவில் மௌனமாகிவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு "இப்போ என்ன யோசிக்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் "இதை அழுத்தணுமா?" என்று உங்களைக் கேட்டால் "நீங்க தனியா வீட்டில் இருந்தா என்ன செய்வீங்க?" என்று திருப்பிவிடுங்கள். "ஏன் அதை அழுத்தினீங்க?" என்று கேட்காதீர்கள். அந்த "ஏன்" குற்றம் சாட்டுவதுபோலக் காதில் விழும், உடனே அவர் ஒரு காரணத்தைக் கற்பிப்பார். "அதை அழுத்தினா என்ன வரும்னு எதிர்பார்த்தீங்க?" என்பது அதே விஷயத்தைக் கேட்கும் நல்ல வடிவம்.

வீட்டுக்கே போய்ச் சோதிக்கும்போது வேறொரு சிக்கல் வரும். அம்மா தடுமாறுவதைக் கண்டதும் மகன் "கொடும்மா, நான் பண்றேன்" என்று ஃபோனை வாங்கிவிடுவார். அன்புதான், ஆனால் அந்த நொடியில் சோதனை முடிந்துவிட்டது. முன்பே அவரிடம் தனியாகப் பேசி, "அடுத்த அரைமணி நேரத்தில் உங்களுக்கும் தனியாக ஒரு வேலை வைத்திருக்கிறோம்" என்று சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். அவர் அம்மாவுக்கு எப்படிக் கட்டிக்கொடுக்கிறார் என்பதையும் பிறகு கவனித்துக் கேளுங்கள். அது உங்கள் செயலிக்கு மிக அவசியமான பாடம். பெரியவர்கள் "எனக்குத்தான் இதெல்லாம் தெரியாது" என்று தங்களைக் குறை சொல்லிக்கொள்வார்கள். அதைக் கேட்ட இடத்தை நேரக் குறிப்போடு எழுதிவையுங்கள். அங்கே திரையில் கட்டாயம் ஒரு குறை இருக்கும்.

குறிப்பு எழுதும்போது நடந்ததும் உங்கள் ஊகமும் கலக்கக்கூடாது. "பயனருக்குக் குழப்பம்" என்பது ஊகம். "12:40 – எண்ணைத் தட்டினார், 'சேமி'யைப் பார்த்தார், 'இது பணம் சேமிக்கிறதா?' என்றார், பின்னால் போனார்" என்பது நடந்தது. இந்த 'சேமி' வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. பணம் புழங்கும் செயலியில் அந்தச் சொல்லுக்குச் சேமிப்புக் கணக்கின் நிழல் விழும். 'இணைப்பு' அதைவிடச் சிக்கலானது: மின் இணைப்பு, இணைய இணைப்பு, கோப்பு இணைப்பு, சொடுக்கும் இணைப்பு, எல்லாம் ஒரே சொல். "இணைப்பு இல்லை" என்று பிழைச் செய்தி வந்தால், வீட்டில் கரண்டைத் துண்டித்துவிட்டார்களோ என்று நினைப்பவர் இருப்பார். தமிழில் இடைமுகம் செய்கிறவர்கள் இதற்குத் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும்: பொத்தான் ஒவ்வொன்றையும் மட்டும் தனித்தனியே ஒரு தாளில் காட்டி, "இதை அழுத்தினா என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். உள்நுழை என்பதா லாகின் என்பதா, கடவுச்சொல் என்பதா பாஸ்வேர்ட் என்பதா என்ற விவாதத்தைக் கூட்டத்தில் வளர்க்க வேண்டாம். இந்தத் தாளே சொல்லிவிடும். பெயரைத் தமிழில் தட்டச் சொல்லும் இடம் இருந்தால், பலர் ஆங்கில எழுத்துகளில்தான் தமிழைத் தட்டுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

அளவுகளைப் பற்றிச் சுருக்கமாக. முடித்தாரா, உதவியோடு முடித்தாரா, முடிக்கவில்லையா என்ற மூன்று நிலை போதும். வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்யும்போது நேரத்தை அளக்காதீர்கள், பேச்சு வேகத்தை மாற்றிவிடும். ஐந்துக்கு ஐந்து பேரும் முடித்துவிட்டால் "100% வெற்றி" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். 95% நம்பகத்தோடு கணக்கிட்டால் உண்மையான விகிதம் 50% அளவுக்குத் தாழ்ந்தும் இருக்கலாம். பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்க 1986இல் ஜான் புரூக் உருவாக்கிய பத்து வாக்கியக் கேள்வித்தாளைப் (SUS) பலர் கடைசியில் கொடுப்பார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு உடன்படுகிறார் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்களின் மதிப்பெண்ணில் 1ஐக் கழிக்க வேண்டும், இரட்டைப்படை வாக்கியங்களின் மதிப்பெண்ணை 5இலிருந்து கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100க்குள் ஓர் எண் வரும். அது சதவீதம் அல்ல. சராசரி 68 என்று கொள்வது வழக்கம். அதில் இரட்டைப்படை வாக்கியங்கள் எதிர்மறையானவை. "இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது" என்பதற்கு "உடன்படவில்லை" என்று குறிப்பது தமிழில் வாசிப்பவரைத் தடுமாற வைக்கும். வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மட்டும் என்றால் அதை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் இரண்டு வடிவமைப்புகள் எங்கே வருகின்றன? ஒருவரிடமே இரண்டையும் காட்டினால் இரண்டாவது எப்போதும் எளிதாகத் தெரியும், முதலாவதில் பழகிவிட்டார் அல்லவா. ஆகவே பாதிப்பேருக்கு முதல் வடிவம் முன்னால், மீதிப்பேருக்கு இரண்டாவது முன்னால். வேலையிலும் எண்களை மாற்றிக்கொடுங்கள். அப்படிச் செய்தாலும் ஆறு பேரை வைத்து "இது வென்றது" என்று சொல்ல முடியாது. ஒன்றில் 70% பேரும் மற்றதில் 90% பேரும் முடிக்கிறார்கள் என்ற வித்தியாசத்தையே நம்பகமாகக் காட்ட வடிவத்துக்கு ஏறக்குறைய 60 பேர் வேண்டும். ஆறு பேர் உங்களுக்குக் காட்டுவது வேறொன்றை: முதல் வடிவத்தில் எந்த இடம் தடுக்கிறது, இரண்டாவதில் எது என்பதை. பெரும்பாலும் இரண்டிலிருந்தும் நல்ல பகுதிகளை எடுத்து மூன்றாவது வடிவம் ஒன்றைச் செய்வீர்கள். வென்றது எது என்று தேடுவதைவிட அதுவே பயனுள்ள முடிவு.

சோதனைக்கு முந்தின நாள் ஒரு வெள்ளோட்டம் நடத்துங்கள். யாராக இருந்தாலும் சரி. சீட்டில் எழுத்துப்பிழை, பாதியில் அறுந்த திரை, பதிவாகாத ஒலி எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் 15 நிமிடம் ஒதுக்கி, இருவரும் கண்டவற்றைத் தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். ஒரே அமர்வில் இருந்த இருவரின் பட்டியலும் வேறுவேறாக இருக்கும். ரோல்ஃப் மோலிச் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியில் ஒன்பது குழுக்களிடம் ஒரே ஹாட்மெயில் தளத்தைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்; மொத்தம் கிடைத்த 310 குறைகளில் முக்கால்வாசி, ஒரே ஒரு குழு மட்டும் கண்டவை. ஆகவே உங்கள் பட்டியல் முழுமையானது என்று எண்ணிவிடாதீர்கள். குறைகளுக்கு 0 முதல் 4 வரை தீவிரம் கொடுங்கள்: 4 என்றால் வெளியிடும் முன் திருத்தியே ஆகவேண்டும், 1 என்றால் நேரம் இருந்தால் பார்க்கலாம். எத்தனை பேருக்கு நேர்ந்தது என்பதை மட்டும் வைத்து எண் போடாதீர்கள். மூன்று பேர் ஐகானைத் தேடினார்கள், ஆனால் கண்டுபிடித்துவிட்டார்கள்: 2. ஒரே ஒருவர் "நிலுவையில்" திரையைப் பார்த்துவிட்டு மறுபடி பணம் கட்டினார்: 4. ஐந்தில் ஒருவர்தானே என்று அதைத் தள்ளிவைத்தால், செயலி வெளியான பிறகு அவரைப்போல நூற்றுக்கணக்கானோர் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைப்பார்கள்.

அறிக்கை நீளமாக வேண்டாம். 4, 3 தீவிரக் குறைகள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் 30 வினாடிக் காணொளித் துண்டு. மேலாளர் பத்துப் பக்கம் படிக்கமாட்டார். ஆனால் ஒரு பெண்மணி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை எண்ணைத் தட்டி மூன்று முறையும் "தவறான எண்" என்ற செய்தியைப் பார்ப்பதை அரை நிமிடம் பார்த்தால் அன்றைக்கே முடிவு எடுப்பார். முகம் தெரியாமல், கையும் திரையும் மட்டும் தெரியும்படி வெட்டிக்கொள்ளுங்கள்.

திருத்திய பிறகு இரண்டாம் சுற்றுக்கு அதே வேலைச் சீட்டுகள், ஆனால் புது ஆட்கள். பழையவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. அவர்களைக் கூப்பிட்டால் திருத்தாத திரையும் வேலை செய்வதுபோலத் தெரியும்.